இரவல் அறிவும் கூகிளின் கல்லாவும்

1797ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி மகாகவி கதே ஒரு விசித்திரமான கடிதம் எழுதினார். பெர்லினைச் சேர்ந்த ஃபீவெக் என்ற பதிப்பாளருக்கு எழுதப்பட்ட கடிதம் அது. ‘ஹெர்மனும் டொரோத்தியாவும்’ என்ற தம் காவியத்தை அவருக்குத் தரக் கதே சம்மதித்தார். ஆனால் விலையைச் சொல்லவில்லை. தாம் எதிர்பார்க்கும் தொகையை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, வைமரில் இருந்த பொட்டிகர் என்பவரிடம் ஒப்படைத்திருப்பதாகத் தெரிவித்தார். பதிப்பாளர் தாம் தரக்கூடிய தொகையைச் சொல்லவேண்டும். அது உறைக்குள் இருப்பதைவிடக் குறைவு என்றால் பேச்சு அத்தோடு முறிந்தது; உறை பிரிக்கப்படாமலே கதேயிடம் திரும்பிவிடும். அதிகம் என்றால், பதிப்பாளர் தாம் சொன்ன தொகையைத் தரவேண்டியதில்லை. உறைக்குள் எழுதியிருப்பதைத் தந்தால் போதும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது கவிஞரின் பெருந்தன்மை. சற்று யோசித்தால் இதன் சூட்சுமம் புரியும். சாதாரணப் பேரத்தில் பதிப்பாளர் தம் மனத்தில் உள்ள தொகையை ஒருபோதும் வெளியிடமாட்டார், குறைத்தே சொல்வார். இங்கே குறைத்துச் சொல்வதால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. கொடுக்கப்போவது உறைக்குள் இருக்கும் தொகை. அதை அவரால் மாற்றமுடியாது. குறைத்துச் சொன்னால் காவியம் கைநழுவும் ஆபத்து மட்டுமே மிஞ்சும். ஆகவே உண்மையைச் சொல்வதே அவருக்கு நல்லது. தம் எழுத்தைச் சந்தை எந்த அளவுக்கு மதிக்கிறது என்று அறிந்துகொள்ளக் கதே கண்ட வழி இது.

உறைக்குள் இருந்த தொகை 1000 தாலர். ஃபீவெக் சொன்ன தொகையும் மிகச் சரியாக 1000 தாலர்! உறையைக் காத்துவந்த பொட்டிகர், பதிப்பாளருக்கு விஷயத்தைக் கோடிகாட்டிவிட்டார். கதேக்குப் பணம் கிடைத்தது. அவர் அறிய விரும்பியது கிடைக்கவில்லை.

இந்தச் சம்பவத்தை ஏலக் கோட்பாட்டின் கண்கொண்டு ஆராய்ந்து இரு பொருளியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டது 1998இல். அதே 1998இல்தான் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டின் கார் கொட்டகையில், கூகிள் என்ற நிறுவனம் குடியேறியது. இரண்டுக்கும் தொடர்பில்லை; தற்செயல்தான். ஆனால் கதேயின் உறைக்குள் இருந்த தர்க்கம் அடுத்த நான்கே ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் கல்லாப்பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. அது எவ்வழியே போயிற்று என்பதும், வழியில் வேறு எவற்றையெல்லாம் அந்நிறுவனம் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டது என்பதும் இக்கட்டுரையின் பொருள்.

*

கணினித் துறையின் புதுநிறுவனங்களைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. இரண்டு இளைஞர்கள், கொஞ்சம் கடன், திடீரென்று ஒரு யோசனை, பிறகு கோடிகள். யோசனை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. மேதைமையின் கணக்கில் அதை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

மேலாண்மைத் துறை ஆய்வாளர்கள் இதை வேறுவிதமாகப் பார்க்கிறார்கள். வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் என்ற இருவர் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில் ‘உள்வாங்கும் திறன்’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். ஒரு நிறுவனம் புதுமை செய்வதற்கு வெளியே இருக்கும் அறிவு இன்றியமையாதது. ஆனால் அந்த அறிவு எல்லோருக்கும் முன்னால் கிடந்தாலும் எல்லோருக்கும் பயன்படுவதில்லை. அதன் மதிப்பை அடையாளம் காணவும், செரித்துக்கொள்ளவும், காசாக்கவும் முடியுமா என்பது அந்த நிறுவனத்திடம் ஏற்கெனவே என்ன அறிவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுருங்கச் சொன்னால், தெரிந்தவனுக்குத்தான் தெரியாதது எது என்பதும் தெரியும்.

கூகிளின் தொடக்ககால வரலாறு இக்கருத்துக்கு நல்ல உதாரணம். அதன் வணிகத்தில் மூன்று பெரிய இரவல்கள் இருக்கின்றன. ஒன்று நூலகத்திலிருந்து வந்தது, ஒன்று போட்டியாளரிடமிருந்து, மற்றொன்று ஏலக்கூடத்திலிருந்து. எதை எடுத்தது, எதை விட்டது, வாங்கிய கடனை யாருக்குத் திருப்பித் தந்தது என்று பார்த்தால், அறிவு எவ்விதம் சொத்தாகிறது என்பது ஓரளவு விளங்கும்.

நூலகத்திலிருந்து

1873இல் சிகாகோவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் வழக்கறிஞர்களுக்காக ஒரு தொழில் தொடங்கினார். அமெரிக்க நீதிமன்றங்களில் பழைய தீர்ப்பு ஒன்றைக் காட்டி வாதாடும் வழக்கறிஞருக்கு ஒரு பயம் உண்டு. அந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்த நீதிமன்றம் எதுவும் தள்ளுபடி செய்திருக்கிறதா? எதிர்த்தரப்பு அதை எடுத்துக்காட்டினால் வழக்கு போயிற்று. ஒவ்வொரு தீர்ப்பும் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகளில் மேற்கோளாக வந்துள்ளது என்ற பட்டியலை ஷெப்பர்ட் பசை தடவிய துண்டுத்தாள்களில் அச்சிட்டு விற்றார். வழக்கறிஞர்கள் அவற்றைத் தம் சட்டப் புத்தகங்களின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டார்கள்.

ஒரு நூல் எதையெல்லாம் மேற்கோள் காட்டுகிறது என்பதை அந்த நூலைப் பிரித்தாலே தெரிந்துகொள்ளலாம். அந்த நூலை யாரெல்லாம் மேற்கோள் காட்டினார்கள் என்பதை அந்த நூல் சொல்லாது. அதற்குப் பின்னால் வந்த அத்தனை நூல்களையும் படித்தாகவேண்டும். உரையாசிரியர்கள் எடுத்தாண்ட மேற்கோள்களைக் கொண்டு மறைந்துபோன தமிழ் நூல்களின் பாடல்களைத் திரட்டியவர்களுக்கு இந்த உழைப்பு எத்தகையது என்று தெரியும். ஷெப்பர்டின் துண்டுத்தாள்கள் இந்தப் பின்னோக்கிய தேடலை ஒரு பண்டமாக ஆக்கின.

1950களின் தொடக்கத்தில் யூஜீன் கார்ஃபீல்ட் என்ற இளைஞர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நூலகத் திட்டம் ஒன்றில் பணியாற்றினார். பெருகிவந்த மருத்துவ ஆய்விதழ்களுக்கு எப்படி அட்டவணை தயாரிப்பது என்பது அத்திட்டத்தின் கேள்வி. 1953இல் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஷெப்பர்ட் நிறுவனத்தில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்றிருந்த வில்லியம் அடேர். சட்டத்துறையில் மேற்கோள் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, அறிவியலுக்கும் அது பயன்படலாமே என்பது கடிதத்தின் சாரம். கார்ஃபீல்ட் அதைப் பற்றிக்கொண்டார். 1955இல் ‘சயன்ஸ்’ இதழில் அறிவியலுக்கான மேற்கோள் அட்டவணை குறித்த தம் கட்டுரையை வெளியிட்டார். 1964இல் அவருடைய நிறுவனம் அறிவியல் மேற்கோள் அட்டவணையை முறையாக வெளியிடத் தொடங்கியது. நம் சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றி 1984இல் புகழஞ்சலி எழுதியவரும் இதே கார்ஃபீல்ட்தான். அந்த உலகம் அவ்வளவு பரந்தது, அவ்வளவு நெருக்கமானது.

மேற்கோள்களை எண்ணினால் மட்டும் போதாது என்பது விரைவிலேயே தெரிந்தது. பத்துச் சாதாரண இதழ்கள் காட்டும் மேற்கோளும் முதல்தர இதழ் ஒன்று காட்டும் மேற்கோளும் சமமாகுமா? 1976இல் பின்ஸ்கி, நாரின் என்ற இருவர் ஒரு தீர்வு சொன்னார்கள். ஓர் இதழின் மதிப்பு, அதை மேற்கோள் காட்டும் இதழ்களின் மதிப்பைப் பொறுத்தது. அவற்றின் மதிப்பு, அவற்றை மேற்கோள் காட்டுபவற்றின் மதிப்பைப் பொறுத்தது. இது வட்டத்தில் சுற்றும் வாதம்போலத் தோன்றும். ஆனால் எல்லா இதழ்களுக்கும் ஏதோ ஒரு மதிப்பெண் கொடுத்துத் தொடங்கி, திரும்பத் திரும்பக் கணக்கிட்டால் எண்கள் மெல்ல ஒரு நிலையில் வந்து நின்றுவிடும்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1996இல், ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜ் என்ற ஆய்வு மாணவர் இணையத்தின் சுட்டிகளைச் சேகரிக்கத் தொடங்கினார். அமெரிக்க அரசு நிதியில் நடந்த மின்நூலகத் திட்டம் ஒன்றின் நிழலில் நடந்த வேலை அது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தரப்படும் சுட்டியும் ஒருவகை மேற்கோள்தான் என்பது அவர் கண்டது. அன்றைய புகழ்பெற்ற தேடுபொறியான அல்டாவிஸ்டா பக்கங்களில் உள்ள சொற்களையே பெரிதும் நம்பியிருந்தது. ஒரே சொல்லை நூறுமுறை எழுதி அதை ஏமாற்றுவது சுலபம். பேஜும் அவர் சகமாணவர் செர்கே பிரின்னும் பின்ஸ்கி, நாரினின் வட்டத் தர்க்கத்தை ஒத்த ஒரு கணக்கை இணையத்துக்குப் பொருத்தினார்கள். அதுவே ‘பேஜ்ரேங்க்’.

இந்தக் கணத்தில் இதே யோசனை வேறு சிலருக்கும் வந்திருந்தது. பின்னாளில் சீனாவில் பைடு நிறுவனத்தைத் தொடங்கிய ராபின் லீ 1996இலேயே சுட்டிகளைக் கொண்டு தரவரிசை செய்யும் ‘ரேங்க்டெக்ஸ்’ முறையை உருவாக்கினார். கார்னெலின் ஜான் கிளைன்பெர்க்கும் சுட்டிகளின் வலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். பேஜின் தந்தை கணினியியல் பேராசிரியர்; பிரின்னின் தந்தை கணிதப் பேராசிரியர். ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பு என்பது ஒருவர் மற்றவருக்குச் செலுத்தும் மரியாதை என்பதை வீட்டிலேயே கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். உள்வாங்கும் திறன் என்பது இப்படித்தான் அமைகிறது. பேஜ்ரேங்க் காப்புரிமை ஆவணத்தில் கார்ஃபீல்டும் பின்ஸ்கியும் நாரினும் ராபின் லீயும் குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். இரவல் மறைக்கப்படவில்லை.

போட்டியாளரிடமிருந்து

ஆனால் இந்தத் தேடுபொறிக்கு வருமானம் எங்கிருந்து வரும்? 1998இல் பிரின்னும் பேஜும் தம் தேடுபொறியை விளக்கி எழுதிய கட்டுரையின் பின்னிணைப்பில் விளம்பரத்தைப் பற்றி ஒரு பகுதி உண்டு. விளம்பரத்தால் வாழும் தேடுபொறி, தன் இயல்பிலேயே விளம்பரதாரர் பக்கம் சாயும், பயனாளரின் தேவையிலிருந்து விலகும் என்று அங்கே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். கல்விப்புலத்துக்குள் இயங்கும், யாவரும் பார்க்கக்கூடிய ஒரு தேடுபொறி வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இந்தப் பின்னிணைப்பை நினைவில் வைத்துக்கொள்வோம், மீண்டும் தேவைப்படும்.

அதே 1998 பிப்ரவரியில், பசடீனாவில் ‘ஐடியாலேப்’ என்ற நிறுவனம் நடத்திவந்த பில் கிராஸ் ஒரு புதிய தேடுபொறியை அறிவித்தார். பெயர் ‘கோடூ’. அதில் முதலிடம் யாருக்கு? அதிகப் பணம் தருபவருக்கு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஏலம். விளம்பரதாரர் ஒரு சொடுக்குக்கு இவ்வளவு என்று கேட்பார்; ஒரு சென்ட்டிலிருந்து தொடங்கலாம். அதிகம் கேட்டவரின் பக்கம் மேலே வரும். பயனாளர் அதைச் சொடுக்கினால் மட்டுமே பணம். ஒவ்வொருவரும் எவ்வளவு கேட்டிருக்கிறார் என்பது பக்கத்திலேயே அச்சாகியிருக்கும்.

இந்த அறிவிப்பை ரசித்தவர்கள் அதிகமில்லை. தேடல் விடைகளில் இடம் விற்பது அன்று பாவமாகக் கருதப்பட்டது. 1996இல் ‘ஓப்பன் டெக்ஸ்ட்’ என்ற தேடுபொறி அதைச் செய்யப்போய்ப் பலத்த கண்டனத்துக்கு ஆளாகியிருந்தது. கிராஸின் பதில் எளிமையானது. தொலைபேசி நிறுவனங்களின் மஞ்சள் பக்கங்களைப் பாருங்கள். பெரிய விளம்பரம் போட்டவர் கண்ணில் முதலில் படுகிறார். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. சொடுக்குக்குப் பணம் தரவேண்டியிருப்பதால், சம்பந்தமில்லாத சொல்லை எவரும் வாங்கமாட்டார்கள். பொய்ப் பக்கங்களை வடிகட்டும் வேலையைப் பணமே செய்துவிடும்.

இங்கே இரண்டு வாதங்கள் இருக்கின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். சொடுக்குக்கு மட்டும் பணம் என்பது விளம்பரத்தை விற்கும் முறையைப் பற்றியது. பணம் தந்தவரே நல்ல விடை என்பது தேடலைப் பற்றியது. கிராஸ் இரண்டையும் ஒன்றாகவே விற்றார். கூகிளின் வெற்றி, இந்த இரண்டையும் பிரித்ததில் இருக்கிறது.

கூகிள் 1999 ஜூனில் 2.5 கோடி டாலர் முதலீடு பெற்றிருந்தது. தேடல் நுட்பத்தை மற்ற தளங்களுக்கு வாடகைக்கு விடுவதில் கொஞ்சம் வருமானம் வந்தது. 2000 அக்டோபரில் ‘ஆட்வேர்ட்ஸ்’ என்ற விளம்பரத் திட்டம் 350 வாடிக்கையாளர்களோடு தொடங்கியது. ஆனால் அது ஆயிரம் முறை காட்டினால் இவ்வளவு என்ற பத்திரிகைக் காலத்துப் பழைய கணக்கில் நடந்தது. இதற்கிடையில் கோடூ வளர்ந்து, 2001இல் ‘ஓவர்ச்சர்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, பிற பெரிய தளங்களுக்கும் விளம்பர ஏலம் நடத்திப் பணம் பண்ணியது. பாவம் என்று கருதப்பட்டது வியாபாரமாக நிலைத்துவிட்டது.

2002 பிப்ரவரியில் கூகிள் தன் ஆட்வேர்ட்ஸை மாற்றி அமைத்தது. இனி ஏலம், இனி சொடுக்குக்கு மட்டும் பணம். கிராஸின் முதல் வாதம் அப்படியே ஏற்கப்பட்டது. இரண்டாவது வாதம் மறுக்கப்பட்டது. விளம்பரம் வேறு, விடை வேறு. இரண்டும் ஒரே பட்டியலில் கலக்கக்கூடாது. விளம்பரங்கள் தனியிடத்தில், அடையாளத்தோடு நின்றன. பேராசிரியர்களின் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கோடு தெரிந்தது.

கூடவே அவர்கள் ஒன்றைச் சேர்த்தார்கள். அதிகம் கேட்டவருக்கு முதலிடம் என்ற விதியைத் திருத்தினார்கள். கேட்ட தொகையோடு, அந்த விளம்பரத்தை எத்தனை பேர் சொடுக்குகிறார்கள் என்பதையும் பெருக்கிப் பார்த்தார்கள். ஒருவர் சொடுக்குக்கு 50 சென்ட் கேட்கிறார்; நூறு பேர் பார்த்தால் இருவர் சொடுக்குகிறார்கள். கிடைப்பது ஒரு டாலர். மற்றவர் 30 சென்ட்தான் கேட்கிறார். ஆனால் நூற்றுக்கு ஐவர் சொடுக்குகிறார்கள். கிடைப்பது ஒன்றரை டாலர். ஆகவே குறைவாகக் கேட்டவர் மேலே நிற்பார். இதனால் கூகிளுக்கு லாபம்; பயனாளரும் தனக்குப் பொருந்தும் விளம்பரத்தையே பார்க்கிறார். சுட்டிகளை வாக்குகளாக எண்ணிப் பழகியவர்கள் சொடுக்குகளையும் வாக்குகளாக எண்ணினார்கள் எனலாம். நூலகத்து இரவல், போட்டியாளரின் இரவலைத் திருத்தியது.

உள்வாங்கும் திறன் எவ்வளவு சமமின்றிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதற்கு ஒரு சான்று. கூகிளின் இந்தத் திருத்தம் 2002 முதல் எல்லோரும் அறிந்ததே. ஓவர்ச்சரை 2003இல் வாங்கிய யாஹூ, சொடுக்கு விகிதத்தைத் தரவரிசையில் சேர்த்தது 2007இல்.

ஏலக்கூடத்திலிருந்து

ஓவர்ச்சரின் ஏலத்தில் ஒரு குறை இருந்தது. கேட்ட தொகையை அப்படியே கட்டவேண்டும். மலர்க்கடைக்காரர் இருவர் ஒரே சொல்லுக்குப் போட்டியிடுகிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் 40 சென்ட் கேட்டு முதலிடத்தில் இருக்கிறார். அடுத்தவர் கேட்டிருப்பது 20. முன்னவருக்கு உறுத்துகிறது. 21 கேட்டாலே முதலிடம் கிடைக்குமே! இறக்குகிறார். உடனே இரண்டாமவர் 22க்கு ஏற்றுகிறார். இவர் 23. இப்படி ஏறிக்கொண்டேபோய், ஒருவருக்குக் கட்டுப்படியாகாத இடம் வந்ததும் அவர் தடாலென்று அடிமட்டத்துக்கு இறங்கிவிடுவார். மற்றவரும் பின்னாலேயே இறங்குவார். மறுபடியும் ஏற்றம். விலைகள் நாள் முழுவதும் ரம்பப் பல்போல ஏறி இறங்கின. இதைக் கண்காணிக்கவே விளம்பரதாரர்கள் தனி மென்பொருள்களை வைத்துக்கொண்டார்கள்.

கூகிளில் இப்பிரச்சினையை எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் எரிக் வீச். ஒளி எவ்விதம் பரவுகிறது என்பதைக் கணினியில் கணக்கிட்டுப் படங்கள் வரைவதில் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர், பிக்ஸாரில் பணியாற்றியவர். சலார் கமங்கர் என்பவரோடு சேர்ந்து அவர் கண்ட தீர்வு இது: ஏலத்தில் வென்றவர் தாம் கேட்டதைக் கட்டவேண்டாம். தமக்கு அடுத்தவரை முந்துவதற்கு எவ்வளவு தேவையோ அதைக் கட்டினால் போதும். இனிக் கேட்ட விலையை இறக்குவதில் பயனில்லை. நிறுவனமே இறக்கித் தருகிறது.

பார்வைக்கு இது நிறுவனம் தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்வது. நடந்தது வேறு. அதிகமாகக் கட்ட நேர்ந்துவிடுமோ என்ற பயம் நீங்கியதால் விளம்பரதாரர்கள் துணிந்து கேட்டார்கள். கதேயின் உறைக்குள் இருந்த அதே தர்க்கம்: நீ சொல்லும் தொகை உனக்கு இடம் கிடைக்குமா என்பதை மட்டும் தீர்மானிக்கும், நீ கட்டும் தொகை வேறெங்கோ எழுதப்பட்டிருக்கும்.

இந்தத் தர்க்கத்துக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் விக்கிரி. 1961இல் அவர் எழுதிய கட்டுரையின் பெருமை பல ஆண்டுகள் கழித்தே உணரப்பட்டது. 1996 அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றே நாளில் காலமானார். அவருக்கும் முன்னால் தபால்தலை வணிகர்கள் இதை நடைமுறையில் அறிந்திருந்தார்கள். நேரில் வரமுடியாமல் தபாலில் விலை கேட்பவர்களுக்காக, 1893இலேயே மாசசூசெட்ஸில் ஒரு தபால்தலை வணிக நிறுவனம், வென்றவரிடம் இரண்டாவது விலையை ஒட்டியே வாங்கும் ஏலத்தை நடத்தியிருக்கிறது.

கூகிளின் பொறியாளர்கள் நடைமுறைச் சிக்கல் ஒன்றைத் தீர்க்கப்போய் இந்த இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள். வந்த இடத்தின் பெயரைச் சொல்ல ஒரு பொருளியலாளர் தேவைப்பட்டார். 2002இல் பெர்க்லியின் பேராசிரியர் ஹால் வேரியன் ஆலோசகராக வந்து, பின்னர் நிறுவனத்தின் தலைமைப் பொருளியலாளரானார். ஒரே ஒரு பொருளை விற்கும்போதுதான் விக்கிரியின் ஏலத்தில் உண்மை சொல்வது எப்போதும் உத்தமம். பல இடங்களை ஒருசேர விற்கும் கூகிளின் ஏலத்தில் அது முற்றிலும் பொருந்தாது. இந்த வேறுபாட்டை வேரியனும், தனியே வேறு மூவரும் 2007இல் கட்டுரைகளாக விளக்கினார்கள். இரவல் வாங்கியது அச்சு அசலாக இல்லை, தேவைக்கேற்ப வளைக்கப்பட்டிருந்தது. அது போதுமானதாகவும் இருந்தது. 2001இல் சுமார் 8.6 கோடி டாலராக இருந்த கூகிளின் வருமானம் 2004இல் 319 கோடியைத் தொட்டது.

கடன் கணக்கு

இனிக் கணக்கைப் பார்ப்போம். பேஜ்ரேங்க் காப்புரிமை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது. அதைப் பயன்படுத்தும் உரிமைக்காகக் கூகிள் தந்த 18 லட்சம் பங்குகளைப் பல்கலைக்கழகம் 2005இல் 33.6 கோடி டாலருக்கு விற்றது. ஓவர்ச்சர் தன் ஏலமுறைக்கு 2001இல் காப்புரிமை பெற்றிருந்தது. 2002 ஏப்ரலில் கூகிள்மீது வழக்குத் தொடுத்தது. கூகிளின் பங்குகள் சந்தைக்கு வரவிருந்த 2004 ஆகஸ்டில், சில நாட்களுக்கு முன்னால், சமரசம் ஏற்பட்டது. இந்த வழக்கையும் வேறொரு தகராறையும் சேர்த்து முடித்துக்கொள்ள யாஹூவுக்கு 27 லட்சம் பங்குகள் தரப்பட்டன. பங்கு ஒன்று 85 டாலர் என்ற வெளியீட்டு விலையில் அது ஏறத்தாழ 23 கோடி டாலர்.

கார்ஃபீல்டுக்கும் பின்ஸ்கிக்கும் நாரினுக்கும் கிடைத்தது காப்புரிமை ஆவணத்தில் சில வரிகள். விக்கிரிக்கும் தபால்தலை வணிகருக்கும் அதுவும் இல்லை. ஆய்வுக்கு நிதியளித்த அமெரிக்க வரிசெலுத்துநருக்குக் கிடைத்தது ஒரு நல்ல தேடுபொறி.

இதில் அநீதி உண்டா? அவசரப்பட்டு ஆம் என்று சொல்லத் தோன்றவில்லை. கார்ஃபீல்டும் ஷெப்பர்டிடமிருந்து எடுத்துக்கொண்டவர்தான். அதை வைத்துத் தாமும் ஒரு லாபகரமான நிறுவனம் நடத்தியவர்தான். 2017இல் அவர் மறைந்தபோது, அவர் பெயரைக் கூகிளோடு சேர்த்தே நினைவுகூர்ந்தவர்கள் பலர். அறிவு இப்படிக் கைமாறாவிட்டால் எதுவுமே பிறக்காது. ஆனால் ஒன்று தெளிவாகிறது. வேலிபோட்ட அறிவுக்கே விலை கிடைத்தது. வேலியில்லாத அறிவுக்கு அடிக்குறிப்பு கிடைத்தது. அப்படியானால் வேலியில்லாத நிலத்தில் விளைந்தவற்றை எடுத்து வளர்ந்தவர், வளர்ந்தபின் தம் நிலத்துக்கு எத்தகைய வேலி போடுகிறார் என்பதைத்தான் நாம் கேட்கவேண்டும்.

இந்தக் கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. 2003இலும் 2004இலும் தன் கோப்பு முறைமையையும் கணக்கீட்டு முறையையும் விளக்கிக் கூகிள் வெளியிட்ட கட்டுரைகளைப் படித்தே ‘ஹடூப்’ என்ற திறந்த மென்பொருளைப் பிறர் உருவாக்கினார்கள். 2017இல் கூகிளின் ஆய்வாளர்கள் எண்மர் வெளியிட்ட ‘டிரான்ஸ்ஃபார்மர்’ கட்டுரையிலிருந்து இன்றைய உரையாடும் இயந்திரங்கள் பிறந்தன. அதைக்கொண்டு 2022 நவம்பரில் சாட்ஜிபிடியை வெளியிட்டுக் கூகிளையே பதறவைத்தது வேறொரு நிறுவனம். கிராஸுக்கு நேர்ந்தது கூகிளுக்கும் நேர்ந்தது. இங்கெல்லாம் வேலி தாழ்வாகவே இருந்திருக்கிறது.

தேடலிலும் விளம்பரத்திலும் அப்படியில்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, கூகிள் தேடல் சந்தையில் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். போட்டியைப் பற்றிய அச்சமின்றி விளம்பர விலைகளை உயர்த்த அதனால் முடிந்தது என்றும் கண்டார். கதேயின் உறை நியாயமாக இருப்பதற்குக் காரணம், உள்ளே இருந்த தொகை ஒருமுறை எழுதி மூடப்பட்டது என்பதே. உறையை வைத்திருப்பவரே ஏல விதிகளையும் எழுதுகிறார், வேறு ஏலக்கூடமும் இல்லை என்றால், இரண்டாம் விலை என்ற நேர்த்தியான யோசனை அந்த நியாயத்தை இழந்துவிடுகிறது. 2025 செப்டம்பரில் பரிகாரங்களை அறிவித்த அதே நீதிமன்றம், தேடல் தரவுகளில் சிலவற்றைத் தகுதியுள்ள போட்டியாளர்களோடு பகிர்ந்துகொள்ளுமாறு கூகிளுக்கு ஆணையிட்டது. நூலக அட்டவணையிலிருந்து பிறந்த நிறுவனத்தை, அட்டவணையைத் திற என்று நீதிமன்றம் சொல்லவேண்டியிருக்கிறது.

கிராஸிடமிருந்து ஏற்காமல் விட்ட அந்த இரண்டாவது வாதம் என்னவாயிற்று? விளம்பரத்தையும் விடையையும் பிரித்துக்காட்டிய வண்ணப் பின்புலம் 2013இல் நீங்கியது. சிறு மஞ்சள் வில்லை வந்தது. பிறகு அது பச்சையாயிற்று. 2020இல் கறுத்த எழுத்தாகச் சுருங்கியது. கோடூவில் யார் எவ்வளவு தந்தார் என்பதாவது எழுதப்பட்டிருந்தது. 2002இல் போட்ட கோடு அழியவில்லை. ஆனால் அதைக் காண இப்போது கொஞ்சம் உற்றுப்பார்க்கவேண்டும்.

புதுநிறுவனங்கள் வெளியிலிருந்து அறிவைப் பெறும் விதத்தை ஆராய்பவர்கள், எதை எப்படி உள்வாங்கினார்கள் என்பதையே பெரும்பாலும் எழுதுகிறார்கள். கூகிளின் கதையில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது, உள்வாங்கப்படாமல் போன ஓர் அறிவு. அது வெளியிலிருந்து வந்ததும் அல்ல. 1998 கட்டுரையின் அந்தப் பின்னிணைப்பு. விளம்பரத்தால் வாழும் தேடுபொறி எந்தப் பக்கம் சாயும் என்று எச்சரித்தவர்கள் அந்த இரண்டு மாணவர்கள்தான். நூலகர்களிடமிருந்தும் போட்டியாளரிடமிருந்தும் பொருளியலாளர்களிடமிருந்தும் கற்றுக்கொண்ட நிறுவனம், தன்னைத் தொடங்கியவர்களின் அந்த ஒரு பக்கத்திலிருந்து மட்டும் குறைவாகவே கற்றுக்கொண்டது. அந்தக் கட்டுரை இன்றும் இணையத்தில் இருக்கிறது. கூகிளில் தேடினால் கிடைக்கும்.